ஓய்வுக்கால வீடு: விலை பேசும் முன் பழுதுபார்ப்புக் கணக்கு

வாசகர் கேள்வி: எனக்கு 58 வயது ஆகிறது, இன்னும் இரண்டு ஆண்டுகளில் பணி ஓய்வு பெறுகிறேன். நானும் என் மனைவியும் கடைசிவரை இருப்பதற்கென்று, கட்டி 25 ஆண்டுகளான தனி வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வெளிச்சமும் காற்றோட்டமும் பிடித்திருக்கின்றன. ஆனால் சமையலறையை மாற்ற வேண்டும், குளியலறை பழையது, தரையும் மங்கிவிட்டது. வீட்டின் விலை போக மீதமுள்ள சேமிப்பில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்து முடித்துவிட்டுக் குடிபுகலாம் என்பது என் எண்ணம். மனைவி தயங்குகிறார். எதில் தொடங்குவது, எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: உங்கள் மனைவியின் தயக்கம் நியாயமானது. வீட்டின் விலையை முதலில் முடித்துக்கொண்டு மிச்சத்தில் வேலைகளைச் செய்வது என்ற வரிசையையே நீங்கள் திருப்பிப் போட வேண்டும். மொத்தச் சேமிப்பை எழுதிக்கொண்டு, அதிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவையும் மருத்துவத்துக்கான தொகையையும் முதலில் கழியுங்கள். பிறகு பதிவு, இடமாற்றம் ஆகிய செலவுகளையும், அதற்கடுத்து வீட்டு வேலைகளுக்கான மதிப்பீட்டையும் கழியுங்கள். எஞ்சி நிற்பதுதான் நீங்கள் அந்த வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய விலை. சம்பளம் வருகிற காலத்தில் ஒரு பெரிய செலவு கைமீறிப் போனாலும் சில ஆண்டுகளில் ஈடுகட்டிவிடலாம்; ஓய்வின் முதல் சில ஆண்டுகளிலேயே முதலீட்டிலிருந்து பெருந்தொகையை எடுத்துவிட்டால், அதே நேரத்தில் சந்தையும் சரிந்திருந்தால், அந்தப் பள்ளத்தை நிரப்ப வேறு வருமானம் இருக்காது.

மதிப்பீடு என்று நான் சொல்வது மனக்கணக்கை அல்ல. விலை பேசுவதற்கு முன்பே ஒரு கட்டடப் பொறியாளரையும் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கூலி கொடுத்து அழைத்துச் சென்று காட்டி, எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். அலமாரிகளை நகர்த்திச் சுவரின் அடியில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நீரின் வேகம் குறைகிறதா என்று கவனியுங்கள்; சுவிட்ச் போர்டைக் கழற்றி உள்ளே இருக்கும் கம்பிகளையும் எர்த் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். 25 ஆண்டுகளுக்கு முன் போட்ட வயரிங், இன்றைக்கு ஒரு வீட்டில் ஓடுகிற சாதனங்களை மனத்தில் வைத்துப் போடப்பட்டிருக்காது. இந்த மதிப்பீடு கையில் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசவும் உங்களுக்கு ஆதாரம் கிடைக்கும். முன்பணம் கொடுத்த பிறகு அதே காகிதத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது.

மேற்கூரை, ஓதம், வயரிங், குழாய்கள், குளியலறை ஆகிய ஐந்தையும் குடிபுகும் முன் முடித்துவிட வேண்டும். தூசியும் இரைச்சலும் நிறைந்த இந்த வேலைகளைக் குடியிருந்துகொண்டே செய்வது வயதானவர்களுக்குப் பெரிய துன்பம். இவற்றில் குளியலறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் தந்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று மாலை, அவருடைய வாக்கர் குளியலறை வாசலில் நின்றுவிட்டது. அளந்து பார்த்தபோது இரண்டு அங்குலம்தான் குறைந்தது. அந்த இரண்டு அங்குலத்துக்காக நிலையைப் பெயர்த்துச் சுவரை உடைத்தோம். உடைந்த டைல்ஸுக்கு அதே நிறத்தில் மாற்று கிடைக்காமல் ஒரு பக்கச் சுவர் முழுவதையும் புதிதாகப் பதிக்க நேர்ந்தது. அந்த வாரங்களில் அவர் பட்ட சங்கடத்தை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. வீடு வாங்கியபோதே நிலையை மாற்றியிருந்தால் மற்ற வேலைகளோடு அதுவும் ஒன்றாக முடிந்திருக்கும்.

ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டு செல்லுங்கள். சக்கர நாற்காலி நுழைவதற்குக் கதவைத் திறந்த நிலையில் குறைந்தது 81 செ.மீ. இடைவெளி வேண்டும். வாசற்படிகளையும் எண்ணுங்கள்: 15 செ.மீ. உயரத்தில் நான்கு படிகள் இருந்தால் மொத்த உயரம் 60 செ.மீ.; 1-க்கு 12 என்ற சரிவில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில், சாய்தளம் அமைக்க 7.2 மீட்டர் நீளம் தேவைப்படும். முன்புறத்தில் அந்த இடம் இல்லையென்றால், பின்னாளில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதை எளிதில் உண்டாக்க முடியாது.

கைப்பிடிக் கம்பிகள் இன்றைக்கே வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம்; வேண்டாம்தான். ஆனால் குளியலறைச் சுவர் திறந்திருக்கும்போதே கம்பி வரப்போகும் இடத்தில், அதாவது தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. உயரத்தில், உறுதியான தாங்கலைப் பதிக்கச் சொல்லுங்கள். கம்பி என்பது துண்டு போடுவதற்கல்ல. வழுக்கி விழப் போகிறவர் தம் முழு எடையையும் போட்டு இழுத்தாலும் அது பெயர்ந்து வரக்கூடாது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அளவு நாடாவைச் சுவரில் வைத்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்து எங்கே துளையிடுவது என்று தேட வேண்டியிருக்காது. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், வழுக்காத தரை, தடுக்காத வாசல், இரவு விளக்கு ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், கூடுதல் விளக்குகளுக்கான இணைப்புகளையும் வயரிங் மாற்றும்போதே கொடுத்துவிடுங்கள்.

சமையலறையை ஓராண்டு தள்ளிப் போடுங்கள். அங்கே வாழ்ந்து பார்த்த பிறகுதான் மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எந்த அலமாரிக்குக் கை எட்டவில்லை என்பது தெரியும். மங்கிய தரை வழுக்காமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். பழைய வீட்டில் சுவரை உடைத்தால் எதிர்பாராதது ஏதாவது வெளிப்படும் என்பதால், மதிப்பீட்டுத் தொகையில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியாக வைத்து, அதைச் சமையலறை அழகுக்கு மாற்றிவிடுவதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கடன் அவசியம் என்றால், சம்பளச் சான்று காட்ட முடிகிற இந்த இரண்டு ஆண்டுகளுக்குள், ஓய்வுக்கு முன்பே தவணை முடிந்துவிடும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

இன்னொரு வாசகர் கேள்வி: நாங்கள் வீடு வாங்கிவிட்டோம். படுக்கையறையும் கழிப்பறையும் மாடியில்தான் உள்ளன. படிக்கட்டில் நகரும் இருக்கை பொருத்துவதா, கீழே அறை அமைப்பதா?

பதில்: கீழேயே அறை அமைத்துக்கொள்ளுங்கள். நகரும் இருக்கைக்கு மின்சாரமும் தொடர் பராமரிப்பும் தேவை. உட்கார்ந்து எழவே உதவி தேவைப்படும் நாளில் அது பயன்படாமல் போகலாம். புதிய கழிப்பறை எங்கே வருகிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. சரிவு வேண்டும். இப்போதுள்ள குழாயிலிருந்து 5 மீட்டர் தள்ளி அமைத்தால் 10 செ.மீ. இறக்கம் தேவைப்படும், அதற்குத் தரையைத் தோண்ட வேண்டும், இல்லையென்றால் கழிப்பறையை உயர்த்தி வாசலில் ஒரு படி வைக்க வேண்டும். படியைத் தவிர்ப்பதற்காகத்தானே கீழே வருகிறீர்கள். எனவே மாடியிலிருந்து கழிவுக் குழாய் இறங்கும் சுவரை ஒட்டிய அறையையே படுக்கையறையாகத் தேர்ந்தெடுங்கள்.