இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது?

தம்பி, யங் வீதியில் துப்புரவு வேலை கிடைத்திருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு முடியும், வீடு ஸ்காபரோவில் பிஞ்ச்-மக்கோவன் சந்தியடியில், கார் இல்லை, இந்த வேலையை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுங்கள். ரொறன்ரோவில் நானும் நான்கு வருடம் இப்படித்தான் போய் வந்தேன்.

சப்வே இரவு ஒன்றரை மணியளவில் நின்றுவிடும். போகவும் வரவும் ஒவ்வொரு தண்டவாளம்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத் திருத்த அந்தச் சில மணி நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை. நியூயோர்க்கில் பல இடங்களில் நான்கு தண்டவாளம் இருப்பதால் ஒன்றை மூடினாலும் மற்றதில் ஓட்டலாம். இங்கே சப்வே நிற்கும் நேரத்தில் அதற்குப் பதிலாக 300இல் தொடங்கும் இலக்கமுள்ள இரவு பஸ்கள் ஓடுகின்றன. 'புளூ நைட்' என்பார்கள். கட்டணம் பகலில் உள்ளதுதான். கட்டணம் செலுத்தும் பிரெஸ்டோ அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம்.

உங்களுக்கு 320 யங் பஸ்ஸில் வடக்கே பிஞ்ச் வரை, அங்கிருந்து 339இல் கிழக்கே. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இரவு பஸ் அரை மணிக்கு ஒன்று என்றுதான் கணக்கு. யங்கில் அதைவிட அடிக்கடி வரும், அதை நம்பி ஆறுதலாக வெளிக்கிட்டால் பிஞ்சில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு ஜனவரி இரவு 320இல் இருந்து இறங்குகிறேன், 339இன் பின்சிவப்பு விளக்கு திரும்பிப் போகிறது. அடுத்தது வரும்வரை மூக்கு மரத்துப்போய், கால்விரல்களைச் சப்பாத்துக்குள்ளேயே மடக்கி மடக்கி நின்றேன். அதற்குப் பிறகு 339 எத்தனை மணிக்குப் புறப்படும் என்று முதலில் பார்ப்பேன், அப்புறம் பின்னோக்கிக் கணக்குப் போட்டு எந்த 320 என்று முடிவெடுப்பேன். இரண்டு நிமிடத்தில் தவறவிடுவது போலிருந்தால் மேற்பார்வையாளரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். ஐந்து நிமிடம் முந்தி விடுவதில் பலருக்கு ஆட்சேபணை இருக்காது.

ஞாயிறு காலை வேலைக்குக் கூப்பிட்டாலும் இதே பஸ்கள்தான். அன்று சப்வே எட்டு மணியளவில்தான் தொடங்கும். புதிதாக வருபவர்கள் பலர் இதில்தான் தவறுகிறார்கள்.

இன்னொன்று. இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவிலும் இறக்கிவிடச் சொல்லலாம். 1991இல் பெண்களுக்காகத் தொடங்கியது, இப்போது எல்லோருக்கும் உண்டு. ஒரு தரிப்பிடம் முந்தியே எழுந்து போய்ச் சாரதியிடம் சொல்லுங்கள், முன்கதவால் இறங்குங்கள். இது தெரியாமல் முதல் குளிர்காலம் முழுக்க நான் உறைபனியில் வழுக்கி வழுக்கி நடந்தேன். நீங்கள் முதல் இரவே கேளுங்கள்.