ஒரே வருடத்தில் கடையில் காய்கறி வாங்குவதை நிறுத்த முடியுமா?

வீட்டுக்குப் பின்னால் 10க்கு 10 அடி இடம், நான்கு பேர் கொண்ட குடும்பம், வேலைக்குப் போவதால் தினமும் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும். இதை வைத்து ஒரு வருடத்துக்குள் கடையில் காய்கறி வாங்குவதையே நிறுத்திவிட முடியுமா, அதற்கு எத்தனை செடி வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மொத்தமாக நிறுத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு காயாக நிறுத்தலாம். பல வருடங்களாக வீட்டில் காய்கறி வளர்த்துவரும் நான் இலக்கு வைப்பது இப்படித்தான்: இந்தப் பருவத்தில் மிளகாயும் கீரையும் வெளியே வாங்குவதில்லை. அது கைகூடிய பிறகு அடுத்த பருவத்தில் இன்னொன்று. இத்தனை கிலோ, இத்தனை செடி என்று தொடங்குவதைவிட இது ஏன் நல்லது என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஒருவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் காய்கறி 250 கிராம் என்று வைத்துக்கொண்டால்கூட நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 1 கிலோ, வருடத்துக்கு 365 கிலோ. உங்கள் இடம் சுமார் 9 சதுர மீட்டர். நடக்கவும் உட்கார்ந்து களை எடுக்கவும் வழி விட்டால் பாத்திக்கு மிஞ்சுவது 6 சதுர மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர மீட்டரும் வருடத்துக்கு 60 கிலோ கொடுத்தாக வேண்டும். திறந்த வெளியில் போடும் வீட்டுத் தோட்டத்தில் இது நடக்கிற காரியம் இல்லை. இந்த எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் ஐந்தாறு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். தோட்டம் நன்றாகவே காய்த்திருக்கும், ஆனாலும் அவர்களுக்கு அது தோல்வியாகத்தான் தெரியும். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம் இது.

சரி, எந்தக் காயை நிறுத்துவது? இங்கேதான் செடிக்குச் செடி கணக்கு மாறுகிறது. வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்து 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கிவிடும். நன்றாகக் காய்க்கிற நாட்களில் ஒரு செடி ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். நான்கு பேருக்கு ஒரு வேளைக்குக் கால் கிலோ வேண்டும் என்றால், பிஞ்சாகப் பறிக்கும்போது அது 20 காய்க்குக் குறையாது. நான்கு செடி மட்டும் வைத்தால் நாளைக்கு இரண்டு காய்தான் கிடைக்கும். கால் கிலோ சேர பத்து நாள் ஆகும், அதற்குள் முதலில் பறித்தவை வாடிவிடும். மொத்தமாகப் பறிக்கலாம் என்று செடியிலேயே விட்டால் நாலைந்து நாளில் நார் ஏறிவிடும். நகத்தால் நுனியை ஒடித்துப் பாருங்கள், ‘டக்’கென்று ஒடியாமல் வளைந்தால் அந்தக் காய் சமையலுக்கு ஆகாது. முற்றிய காய்களைச் சுமந்துகொண்டிருக்கும் செடி புதிதாகப் பூப்பதையும் குறைத்துக்கொள்ளும். 12 செடி வைத்தால் நாளைக்கு 6 காய். இரண்டு நாளுக்கு ஒரு தடவை பறித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கு நாளைக்கு ஒரு முறை சமைக்கலாம். செடிக்குச் செடி 30 செ.மீ., வரிசைக்கு வரிசை 45 செ.மீ. விட்டால் 12 செடிக்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமாக இடம் பிடிக்கும். அதனால் வெண்டை என்றால் பன்னிரண்டு வையுங்கள், இல்லையென்றால் அந்தப் பருவத்தில் வெண்டையே வேண்டாம். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு என்று நட்டால் எதிலுமே ஒரு வேளைக்குத் தேறாது.

மிளகாய் இதற்கு நேர் எதிர். ஒரு வீட்டுக்கு நாளைக்குச் சில மிளகாய்தான் தேவை, அதற்கு மூன்று செடி தாராளம். பொறுமைதான் அதிகம் வேண்டும். விதை போட்டு நாற்று தயாராக ஐந்தாறு வாரம், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு இரண்டு முதல் மூன்று மாதம். காய்க்கத் தொடங்கிவிட்டால் பல மாதம் நிற்கும். முதல் தடவை என்பதால் நாற்றாகவே வாங்கி நடுவது நல்லது.

கீரைதான் முதல் பருவத்துக்கு மிக ஏற்றது. விதைத்து 25, 30 நாளில் அறுவடை. ஒரு சதுர மீட்டர் பாத்தியை மூன்றாகப் பிரித்து 10 நாள் இடைவெளியில் விதைத்தால் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒரேயடியாக முழுப் பாத்தியிலும் தூவினால் ஒரு வாரத்தில் சாப்பிட முடியாத அளவு வரும், அடுத்த மூன்று வாரம் ஒன்றுமே இருக்காது.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் நடுகிறார்கள். நன்றாக வந்த ஒரு செடி அதன் காலம் முழுக்க 2 முதல் 3 கிலோ தரும் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு செடி என்றால் 10 கிலோ, அதுவும் ஆறேழு வாரத்துக்குள். தக்காளியை அதிகம் பயன்படுத்தும் வீட்டுக்கு இது போதாது. பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் கெட்டுப் பூக்கள் உதிரும். ஒரு நாள் வெள்ளமாகவும் இரண்டு நாள் காயவிட்டும் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் அடிப்பக்கம் கறுத்து அழுகும். ஆசைக்கு வளருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குவதை நிறுத்தும் பட்டியலில் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் மூன்றையும் முதல் வருடம் தள்ளிவையுங்கள். காலிஃபிளவர் இரண்டு மூன்று மாதம் இடத்தைப் பிடித்துக்கொண்டு செடிக்கு ஒரே ஒரு பூதான் தரும்.

இதெல்லாம் வெயில் இருந்தால்தான். காய்க்கிற செடி எதுவானாலும் நேரடி வெயில் 6 மணி நேரமாவது வேண்டும், கீரைக்கு 4 மணி நேரம் கிடைத்தால் சமாளித்துவிடும். ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மணிக்கு ஒரு தடவை போய், நிழல் எதுவரை விழுகிறது என்று தாளில் வரைந்து வையுங்கள். 9 சதுர மீட்டரில் உண்மையிலேயே 6 மணி நேர வெயில் படுவது பாதிதான் என்று தெரியவரலாம். அப்படியானால் உங்கள் காய்த் தோட்டம் அந்தப் பாதி அளவுதான், மீதி கீரைக்கு. சூரியன் வருடத்தில் வடக்கும் தெற்குமாக நகர்வதால் இன்று வெயில் படும் மூலை ஆறு மாதம் கழித்து நிழலில் இருக்கலாம், அதனால் அடுத்த பருவத்திலும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அடுத்தது உங்கள் அரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான அளவு. 6 சதுர மீட்டருக்கு 150 லிட்டர், அதாவது நாளைக்குப் பத்து லிட்டர் பூவாளியில் இரண்டுக்குச் சற்று மேல். கடும் வெயிலில் இது இரட்டிப்பாகும். குழாய் பக்கத்தில் இருந்தால் பத்து நிமிட வேலை. மிச்ச நேரத்தை இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தோட்டம் நிலைப்பதும் போவதும் இதில்தான். வெண்டையின் இளம் இலையைத் திருப்பினால் நடுநரம்பை ஒட்டி ஊசிமுனை அளவில் பச்சையாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏழெட்டு உட்கார்ந்திருக்கும். விரலால் தடவியோ தண்ணீரைப் பீய்ச்சியோ எடுத்துவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. அசுவினி ஆண் துணை இல்லாமலே குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நுனி முழுக்கச் சுருண்டு பிசுபிசுவென்று எறும்பு ஏறியிருக்கும். தினமும் 15 செடியைத் திருப்பிப் பார்க்க உங்களால் முடியும், 60 செடியை முடியாது. எத்தனை செடி என்ற கேள்விக்கு என் பதில் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

அதனால் முதல் பருவத்தில் 12 வெண்டை, 3 மிளகாய், ஒரு சதுர மீட்டர் கீரை. வழியை விட்டுப் பார்த்தால் இது சுமார் 3 சதுர மீட்டர்தான். மீதிப் பாதியைச் சும்மா விட மனம் வராது, தெரியும். அதில் காய்ந்த இலைகளைக் கனமாகப் பரப்பி மூடாக்குப் போட்டு வையுங்கள், களை அடங்கும், மண்ணும் மெதுவாக நல்லதாகும். நடப்போகிற பாதிக்கு 5 செ.மீ. உயரத்துக்கு மட்கிய உரம் பரப்ப 150 லிட்டர் தேவைப்படும். வீட்டுக் காய்கறிக் கழிவு மட்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும், மட்கும்போது அளவும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே முதல் தடவை உரத்தை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கும். கழிவைச் சேர்க்க மட்டும் இன்றைக்கே தொடங்குங்கள், இரண்டாம் பருவத்துக்கு அது உதவும்.

இலக்கை எழுதிவைக்கும்போது இரண்டு விதமாக எழுதுங்கள். ஒன்று, விளைச்சல் பற்றியது: கீரையும் மிளகாயும் வெளியே வாங்குவதில்லை. இன்னொன்று, முழுக்க உங்கள் கையில் இருப்பது: 10 நாளுக்கு ஒரு தடவை கீரை விதைப்பேன், தினமும் இலை பார்ப்பேன், இரண்டு நாளுக்கு ஒரு தடவை வெண்டை பறிப்பேன். மழை கெடுத்து, வெண்டை நோயில் போய்விட்டால்கூட இரண்டாவதைச் செய்திருப்பீர்கள், எங்கே போனது என்றும் தெரிந்திருக்கும். விதைத்த தேதி, முளைத்த தேதி, முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு, இந்த நான்கையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். விதை உறையில் போட்டிருக்கும் நாட்கள் உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் அப்படியே பொருந்தாது, இந்த நோட்டுதான் அடுத்த திட்டத்துக்கு ஆதாரம். வெளியூர் போகிற திட்டம் இருந்தால் அதையும் அதிலேயே எழுதுங்கள். பூத்துக் காய்க்கிற வாரங்களில் வீட்டில் இல்லாதபடி விதைத்துவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் தேடுவது சிரமம்.

இரண்டாம் பருவத்தில் கத்தரி மூன்று செடி சேர்க்கலாம், செடிக்குச் செடி 60 செ.மீ. விட்டு. மிளகாய் நின்ற இடத்தில் வேண்டாம். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் வாடல் நோய் மண்ணில் தங்கி அடுத்ததையும் பிடிக்கும். மூடாக்குப் போட்டு வைத்திருந்த பாதி அதற்குத் தயாராக இருக்கும். அப்புறம், சுரை, பூசணி மாதிரிக் கொடிகளை மூன்றாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூதான், அது உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண் பூ. தேனீ வரத்து குறைவாக இருந்தால் ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் நீங்களே தொட்டுவைக்க வேண்டும். பூசணியில் காலையில், சுரையில் சாயங்காலம் பூ விரிந்த பிறகு. அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்களா என்று பார்த்து எந்தக் கொடி என்று முடிவு செய்யுங்கள்.