கார்டு மோசடியில் போன பணத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் என் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தி ரூ.46,300 செலவு செய்யப்பட்டதாக வெள்ளிக்கிழமை இரவு குறுஞ்செய்தி வந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. கார்டு விவரத்தை யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. செவ்வாய்க்கிழமை வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். "சரியான கார்டு எண்ணும் சிவிவியும் கொடுத்துத்தான் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்கிறார்கள். இது முறையா?
– வாசகி, திருச்சி

பதில்: முறையே அல்ல. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் குறைபாட்டால் நேர்ந்த இழப்புக்கு, புகார் எப்போது தரப்பட்டிருந்தாலும், வாடிக்கையாளர் பொறுப்பல்ல. தவறு வங்கியிடமும் உங்களிடமும் இல்லாமல், நீங்கள் எப்போதோ பொருள் வாங்கிய தளத்திலிருந்து கார்டு விவரம் கசிந்தது போல வேறெங்கோ நேர்ந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது என்பதால், சனிக்கிழமையை வேலை நாளாகக் கொண்டாலும் உங்கள் புகார் மூன்றாம் நாளுக்குள் வந்துவிடுகிறது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொல்லியிருந்தால்கூட, ரூ.5 லட்சம் வரை வரம்புள்ள கார்டுக்கு ஒரு பரிவர்த்தனைக்கு ரூ.10,000-க்கு மேல் உங்களிடம் கேட்க முடியாது.

வங்கி சொல்லும் காரணம் உங்களுக்கு எதிரான ஆதாரமும் ஆகாது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி ஆகியவை மட்டும் இருந்தால் போதும், ஓடிபி இல்லாமலே பணம் போய்விடும். அவை சரியாக இருந்தன என்பதால் பொருளை வாங்கியவர் நீங்கள்தான் என்று ஆகிவிடாது. வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஓடிபியை ஒருவர் தானே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரைச் சேரும். புகாருக்குப் பிறகு போகும் பணம் வங்கியைச் சேரும். இந்த விதியைக் காட்டி, அலட்சியம் எதுவும் செய்யாதவர்களையும் கிளை ஊழியர்கள் மிரட்டி அனுப்புவது பெரும் அநீதி. ஆகவே "என் கவனக்குறைவால் நடந்தது" என்ற வாசகம் உள்ள எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை வட்டிச் சுமையும் உங்கள் மேல் விழக்கூடாது. இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணிலும் பதிவு செய்யுங்கள். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். புதிய கார்டு கைக்கு வந்ததும் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் அணைத்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆடைகளை அனுப்பி இரண்டு மாதம் கழித்து, அது திருட்டுக் கார்டு என்று சார்ஜ்பேக் (கார்டுதாரர் மறுத்த பணத்தை வங்கி திரும்பக் கேட்பது) வந்து, பணத்தைப் பிடித்துவிட்டார்கள். சரக்கும் போய்விட்டது. என் தவறு என்ன?
– சிறு வணிகர், திருப்பூர்

பதில்: உங்கள் தவறு எதுவும் இல்லாமலும் இந்த இழப்பு வரலாம் என்பதுதான் வேதனை. நேரில் கார்டு காட்டாத விற்பனையில், கார்டுதாரரை அவருடைய வங்கி '3டி செக்யூர்' (ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு) முறையில் சரிபார்த்திருந்தால், மோசடிக்கான பொறுப்பு பெரும்பாலும் அந்த வங்கிக்குப் போகும். சரிபார்க்காத பரிவர்த்தனையில் கடைக்காரர் தலையில்தான் விழும். கார்டு திருட்டா இல்லையா என்று அறிய வழியே இல்லாத சிறு வணிகரிடம் முழு இழப்பையும் சுமத்துவது நியாயம் என்று நான் கருதவில்லை. ஆயினும் இன்றைய விதி அதுதான். எனவே கார்டு பணத்தை உங்களுக்கு வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்திடம் இந்தப் பரிவர்த்தனை சரிபார்க்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். சரிபார்க்கப்பட்டிருந்தால் அந்தப் பதிவையும், கூரியர் ஒப்படைப்புச் சான்றையும், வாடிக்கையாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்தையும் அவர்கள் குறித்த கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். கெடு தவறினால் நல்ல ஆதாரமும் பயன்படாது. இனிமேல் வரும் வெளிநாட்டு ஆர்டர்களில், சரிபார்ப்பு இல்லாத பெரிய தொகைக்கு, பணம் வந்துவிட்டது என்ற தகவலை மட்டும் நம்பிச் சரக்கை அனுப்பாதீர்கள்.