ஹீமோகுளோபின் 8 என்கிறார்கள். பீட்ரூட், பேரீச்சையிலேயே ஏற்றிவிடலாமா, மாத்திரை அவசியமா?

மாத்திரை அவசியம். நீங்கள் பெண் என்றும், வீட்டில் யாரோ "மாத்திரை சூடு, பழமா சாப்பிடு" என்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் அக்கா முறத்தில் அரிசி புடைக்கும்போதே ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்வாள். "உன் கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டப்போகுது" என்று அம்மா திட்டுவார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், சீப்பு நிறைய முடி வரும். அரிசி, சாம்பல், ஐஸ்கட்டி என்று தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்களோ "பொண்ணு நல்ல கலர்" என்று மெச்சினார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ரத்தமில்லாமல் வெளிறிய முகத்தையும் அழகு என்பார்கள். கறுப்பாகப் பிறந்த என்னை அதே கூடத்தில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்ட் எடுத்தபோது அவளுக்கு 7.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அடியில் கிடந்தது. முதலில் போன கிளினிக்கில் டானிக் எழுதி அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான், "தூரம் வந்தா எத்தனை நாப்கின் மாத்துற? கட்டி கட்டியா போகுதா?" என்று கேட்டார். ரத்தப்போக்கு அதிகம். அதை நிறுத்தாமல் என்ன கொடுத்தாலும் ஓட்டைக் குடம்தான்.

மாத்திரை போட்டதும் மலம் கறுப்பாகப் போனது, பயப்பட வேண்டியதில்லை. வயிற்றைப் புரட்டியபோது நிறுத்தவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். எலுமிச்சைச் சாறோடு போடலாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அந்த நேரத்தில் கூடாது. 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், இருப்பு நிரம்ப. பலர் பாதியில் விடுவது இங்கேதான்.

கீரைக்கு நான் எதிரி இல்லை. முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. அரசு தரும் சத்து மாத்திரை ஒன்றில் 60. சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் வர வேண்டாம், அங்கே கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரமும் இரும்புதான்.

ஒருவேளை நீங்கள் ஆண் என்றால், அல்லது மாதவிடாய் நின்றவர் என்றால், மாத்திரையோடு விடாதீர்கள். மூலம், வயிற்றுப்புண், குடலில் கட்டி என்று எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.