பதாகையில் இல்லாத பெயர்

வணக்கம் ஐயா.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குச் சமைக்கிறவன் நான். பிழைப்பு செம்பனை ஆலையில். இருநூறு பேருக்குச் சோறு, சாம்பார், கூட்டு, ரசம். காசு வாங்கியதில்லை, கேட்டதும் இல்லை. இந்த வருடத் திருவிழாவில் உபயகாரர், சமையல் குழு என்று எல்லார் பெயரும் பதாகையில் வந்தது. என் பெயர் இல்லை. பொன்னாடையும் புதிதாக வந்த ஒருவருக்குப் போனது. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. பெயர் விட்டுப்போனதைவிடத் தூக்கம் போனதுதான் இப்போது உறுத்துகிறது. அன்பால் செய்கிறேன் என்றுதானே நினைத்திருந்தேன்? இத்தனை நாளும் செய்தது ஆணவமா? தன்னலமில்லாத அன்பு ஆணவத்தைக் கரைத்து இறைவனிடம் சேர்க்கும் என்கிறார்கள். என் விஷயத்தில் தொண்டே அதை வளர்த்துவிட்டது போலிருக்கிறது. கோயிலை விட்டுவிட்டு, குருவிடம் மந்திர உபதேசமாகச் சமய தீட்சை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே வழிபடலாமா?

க., பகாவ்

அன்புள்ள க.,

விட வேண்டாம். தீட்சை பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த இரவு. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய திருவருட்பயன் என்ற சைவ சித்தாந்த நூலில், உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தைப் பற்றி ஒரு குறட்பா இருக்கிறது. இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது. ஆனால் இங்கே இருட்டு இருக்கிறது என்பதையாவது காட்டிவிடும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. எனக்கு ஆணவம் இருக்கிறதா என்று உள்ளே துழாவிப் பார்ப்பதில் அதனால்தான் பயனில்லை. துழாவுகிறவன் கூடவே அதுவும் நின்று துழாவும். எதிலாவது முட்டிக்கொள்ளும்போதுதான் அது இருப்பது தெரியவரும். உங்களுக்கு ஒரு பதாகை முட்டியது. தொண்டு அதை வளர்க்கவில்லை, இருந்ததை வெளியே தள்ளியது. செய்ததெல்லாம் ஆணவமா என்றால், கலந்திருந்தது, அவ்வளவுதான். எல்லார் தொண்டிலும் கலந்துதான் இருக்கும். அன்பு சுத்தமான பிறகு அண்டாவைத் தூக்கலாம் என்று உட்கார்ந்தால் இருநூறு பேர் பசியோடு வீட்டுக்குப் போவார்கள்.

தோட்டத்தில் இருப்பவருக்கு லாலான் புல்லைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மேலே அறுத்தால் மண்ணுக்குள் கிடக்கும் தண்டிலிருந்து திரும்பக் கிளம்பும். மண்வெட்டியால் கொத்தினால் அறுபட்ட துண்டெல்லாம் தனித்தனியாக முளைக்கும். கன்று நட்ட நிலத்தில் மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டு, பிறகு மரமும் நிழல் கட்டிவிட்டால் தானாக ஒடுங்கும்; வெயில் இல்லாத இடத்தில் லாலானுக்குப் பிழைப்பில்லை. சைவ சித்தாந்தம் ஆணவத்தைப் பற்றிச் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. அது அழியாது, முத்தியிலும் அதன் சக்தி ஒடுங்கித்தான் கிடக்கும். இதனாலேயே, ‘நான் ஒன்றுமில்லாதவன்’ என்று தன்னைத் தானே கொத்திக்கொள்ளும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. பத்து நிமிடம் தாழ்த்திப் பேசிவிட்டு, என்னைப் போல் பணிவானவன் உண்டா என்ற நினைப்போடு எழுந்திருப்பவர்கள் அதிகம். கவனம் இன்னொருவர் பசியின் மேல், இன்னொருவர் களைப்பின் மேல் படர வேண்டும். அதைத்தான் அன்பு என்கிறோம். இறைவன் உயிரை விட்டு எங்கும் தள்ளி இருக்கவில்லை. மறைப்பு மெலிய மெலிய, கூடவே இருப்பவன் தெரிகிறான்.

பெயர் விஷயத்துக்குப் பெரியபுராணத்தில் ஓர் இடம் உண்டு. திங்களூரில் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப் பந்தலில் எழுதியிருந்தது திருநாவுக்கரசர் பெயர். குளத்துக்கும் பிள்ளைகளுக்கும்கூட அதே பெயர்தான். அப்பூதி அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. அந்த வழியாக வந்த நாவுக்கரசரே, உம் பெயரை எழுதாமல் வேறு பெயரை எழுதியது ஏன் என்று கேட்கிறார். அப்பூதிக்குக் கோபம் வருகிறது; அவர் பெருமை அறியாத நீர் யார் என்கிறார். எல்லாரும் அப்பூதியின் பக்கத்தையே சொல்வார்கள். எனக்கு நாவுக்கரசர் சொன்ன பதில்தான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பெயருக்கு உரியவன் நானே என்று சொல்லியிருக்கலாம். சூலை என்ற வயிற்று நோய் கொடுத்து ஆட்கொள்ளப்பட்ட, தெளிவில்லாத சிறியவன் என்று நோயை வைத்துத் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். பெயரைத் துறந்த அப்பூதிக்கும் கோபம் வந்தது. ஆனால் தனக்காக வரவில்லை.

இனி சமையல்கட்டு. இருநூறு பேர் சாம்பார் உங்கள் கைக்கு மட்டுமே தெரியும் என்றால், ஆணவம் பிடித்துத் தொங்கும் கொம்பு அதுதான். உங்கள் அளவை எழுதுங்கள்: 20 கிலோ அரிசி, 5 கிலோ பருப்பு, 1 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் புளி, உப்பை எத்தனை தவணையாகப் போடுவது, தாளிப்பு எப்போது, எல்லாம். ஒன்றையும் மறைக்காமல் சுவரில் ஒட்டுங்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கரண்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் காய் நறுக்கவோ அண்டா கழுவவோ போங்கள். அன்று சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் உங்களுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழும். பயப்பட வேண்டாம், அதைப் பார்த்ததே பாதி வேலை. உடனே இரண்டு அகப்பை வெந்த பருப்பும் வெந்நீரும் ஊற்றி அதைச் சரிசெய்து கொடுங்கள், யாருக்கும் சொல்லாமல். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்டா கழுவினால் மட்டும் பயனில்லை. ‘பார், என்னை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்’ என்பதும் ஒரு மேடைதான்.

பரிமாறும்போது கண் எங்கே போகிறது என்று பாருங்கள். முகத்துக்குப் போனால் பாராட்டுத் தேடுகிறது. இலைக்குப் போனால் இவருக்கு இன்னும் சோறு வேண்டும், அந்தப் பாட்டிக்கு ரசம் காரம் என்பது தெரியும். தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளிகள் வந்து உட்கார்ந்தால் அவர்கள் வரிசையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது, ஊரில் போய்ச் சொல்லவும் மாட்டார்கள். நீங்களாக ஏதாவது வாங்கிக் கொடுத்தால் ரசீதில் ‘ஓர் அன்பர்’ என்று எழுதச் சொல்லுங்கள். ரசீதே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், கோயில் கணக்கு நேராக இருக்க வேண்டும்.

பொன்னாடை வாங்கினாரே, அவர் பெயரில் ஒரு மண்டலம், 48 நாள், அர்ச்சனை செய்யுங்கள். நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயர் மட்டும் போதும். கோயிலுக்குப் போக முடியாத நாளில் வீட்டு விளக்கின் முன் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று சொன்னால் சரி. இரண்டாவது வாரம் வாக்கில் ஒரு சிக்கல் வரும்: இவ்வளவு செய்கிறேனே, அவர் மாறவில்லையே என்று தோன்றும். அவர் மாறுவதற்காகச் செய்வதில்லை இது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை, ஒரு நாளும் விடாதீர்கள். அன்பு முதலில் வாயில் வந்து, பிறகுதான் நெஞ்சுக்கு இறங்குகிறது.

வீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வெள்ளிக்கிழமை ஊருக்கே பரிமாறிவிட்டு வந்து, சனிக்கிழமை மனைவி சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை செய்தது அங்கேயே கழிந்துவிடும். பொன்னாடை போர்த்த ஆள் இல்லாத இடம் வீடு. பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உங்கள் மாநிலத்தோடு தொடர்புள்ள ஒருவரின் பழக்கம் உதவும். சுவாமி சிவானந்தர் துறவியாவதற்கு முன், 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்தில் தோட்ட மருத்துவமனையில் டாக்டர் குப்புசாமியாக வேலை பார்த்தவர். 1923இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு ரிஷிகேஷில் துறவு வாங்கினார். ஆன்மிக நாட்குறிப்பு எழுதும் முறையை அவர் சாதகர்களுக்கு வகுத்துக் கொடுத்தார்: எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை மாலை ஜபம், எத்தனை முறை கோபம், பயன் கருதாத சேவை எவ்வளவு நேரம் என்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். உங்களுக்கு நான் சொல்வேன், சேவைக் கட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது சீக்கிரம் உங்கள் சொந்தப் பதாகை ஆகிவிடும். கோபத்தையும், ‘நான் செய்தேன்’ என்று வாய்விட்டுச் சொன்னதையும் குறித்தால் போதும். படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம்.

பணிவு என்று சொல்லிக்கொண்டு கோயில் பணம் தவறாகப் போவதைப் பார்த்தும் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். இதே காரியம் வேறொருவருக்கு நடந்திருந்தால் நான் எழுந்து பேசுவேனா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் கூட்டத்தில் பேசுங்கள். உங்கள் பெயர் விட்டுப்போனதற்குப் பேச வேண்டியதில்லை.

தீட்சை நல்லதுதான். வாங்கினால் நாள்தோறும் நீறணிந்து, அனுட்டானம் என்னும் அன்றாட வழிபாட்டை முடித்து, ஐந்தெழுத்தை 108 முறையாவது ஓத வேண்டும்; வெள்ளிக்கிழமை மட்டும் வந்துபோகும் கடமை இல்லை அது. கோபத்தோடு வாங்கினால், நான் தீட்சை பெற்றவன், அவர்கள் வெறும் கமிட்டிக்காரர்கள் என்ற இன்னொரு பொன்னாடையை நீங்களே போர்த்திக்கொள்வீர்கள். அந்த 48 நாள் முடியட்டும். பிறகும் வேண்டுமென்று தோன்றினால், தீட்சை கொடுத்துவிட்டுப் போய்விடாமல் அனுட்டானத்தைப் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்கும் ஆசாரியராகப் பார்த்துக் கேளுங்கள். அதற்காக வெள்ளிக்கிழமைச் சமையலை விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.