டிக்கெட் அப்புறம், வரைபடம் முதலில்: ஐரோப்பா பயணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஐரோப்பா பற்றியவை. எந்த மாதம் போகிறீர்கள், மொத்தம் எத்தனை நாள் என்று எழுதாதவற்றைத் தள்ளி வைத்துவிட்டேன். அது தெரியாமல் பதில் சொன்னால் ஜோசியம் ஆகிவிடும்.

கேள்வி: மொத்தம் 9 நாள். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, புடாபெஸ்ட். ரயிலிலேயே முடித்துவிடலாமா?

முடித்துவிடலாம், ஊர்களைப் பார்க்கத்தான் முடியாது. 9 நாள் என்றால் 8 இரவு. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். ரயில் இரண்டு மணி நேரம்தானே என்பீர்கள். அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், புது ஊரில் ஹோட்டலைத் தேடிப் பிடிக்க வேண்டும், அறை மூன்று மணிக்குத்தான் தயாராகும் என்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். இவ்வளவும் அந்த இரண்டு மணி நேரத்தோடு சேர்த்திதான்.

உங்கள் பட்டியலில் இரண்டு கொத்து இருக்கிறது. பாரிஸ்–பிரஸ்ஸல்ஸ் ஒன்றரை மணி, பிரஸ்ஸல்ஸ்–ஆம்ஸ்டர்டாம் இரண்டு மணி. அந்தப் பக்கம் பிராக்–வியன்னா நான்கு மணி, வியன்னா–புடாபெஸ்ட் இரண்டே முக்கால். நடுவில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பிராக் போக ஒரு பகல் முழுக்க வேண்டும். ஒரு கொத்தை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். எப்போதும் சொல்வதுதான்: நாளை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள். ஓர் ஊருக்கு இரண்டு இரவு கூட மிஞ்சவில்லை என்றால் அந்த ஊர் வேண்டாம்.

கேள்வி: மூன்று நாடு போகிறோம். ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் விண்ணப்பிப்பது? அதிலேயே லண்டனும் போகலாமா?

ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. அதிக இரவு தங்கும் நாட்டில் விண்ணப்பியுங்கள். எல்லாம் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டில். லண்டனுக்குத் தனி விசா வேண்டும். நடுவில் லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸ் வருவதாக இருந்தால், ஷெங்கன் விசாவில் பலமுறை நுழைவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு வெளியே போனவர் திரும்ப உள்ளே வர முடியாது.

கேள்வி: சலுகை விலையில் கிடைத்ததால் பாரிஸுக்கு ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிட்டோம். பாரிஸ், லூசெர்ன், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் என்று 12 நாள். ரோமிலிருந்து பாரிஸ் திரும்ப மலிவான வழி எது?

இந்தக் கடிதம் ஆள் மாறி மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஊர்ப் பெயர்தான் வேறு. முதலில் டிக்கெட்டை வாங்கிவிட்டு, அப்புறம் வரைபடத்தை விரித்து, கடைசியில் என்னிடம் மலிவான வழி கேட்கிறார்கள்.

அந்தச் சலுகையின் உண்மை விலையைப் பார்ப்போம். ரோம் ஊருக்குள்ளிருந்து ஃபியுமிசினோ விமான நிலையம் 30 கிலோமீட்டர். டெர்மினி ஸ்டேஷனிலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் அரை மணி நேரம், ஆளுக்கு 14 யூரோ. இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும். பறப்பது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மலிவு விமானம் என்றால் பெட்டிக்குத் தனிக் காசு. அது பாரிஸில் எங்கே இறக்கிவிடும் என்று பார்த்தீர்களா? டிக்கெட்டில் பாரிஸ் என்று போட்டிருக்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர். ஊர் திரும்பும் உங்கள் பெரிய விமானம் அநேகமாக பாரிஸின் பெரிய விமான நிலையமான சார்ல் த கோலிலிருந்து கிளம்பும். இரண்டும் தனித்தனி டிக்கெட். ரோம் விமானம் தாமதமானால் பெரிய விமானக் கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே முந்தின இரவே பாரிஸுக்கு வந்தாக வேண்டும். ஒரு பகல், ஒரு ஹோட்டல் இரவு, ஒரு விமான டிக்கெட், பெட்டிக் காசு, இரண்டு பக்கமும் வண்டிச் செலவு. சலுகை எங்கே போயிற்று?

ஏறக்குறைய எல்லா முன்பதிவுத் தளங்களிலும் ‘மல்டி சிட்டி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. போகும்போது பாரிஸில் இறங்கி, வரும்போது ரோமில் ஏறலாம். இரண்டு ஒருவழி டிக்கெட் போல விலை எகிறாது. பெரும்பாலும் சாதாரண ரிட்டர்ன் கட்டணத்தை ஒட்டியே வரும். ஐந்தே நிமிட வேலை. அதைத் தேடிப் பார்க்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. கட்டணம் கட்டித் திரும்பும் ஊரை ரோம் என்று மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் பயணத்தைத் தலைகீழாக்குங்கள். பாரிஸில் இறங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவு தூங்கிவிட்டு, மறுநாள் காலையில் அங்கிருந்தே கிளம்பும் விமானத்தில் ரோம் போய்விடுங்கள். அங்கிருந்து ரயிலில் வடக்கே ஏறுங்கள். ஃபிளாரன்ஸ் ஒன்றரை மணி, வெனிஸ் அங்கிருந்து இரண்டே கால். வெனிஸிலிருந்து மிலான் வழியாக லூசெர்ன் ஆறு மணி நேரத்துக்கு மேல். லூசெர்னிலிருந்து பாரிஸ் ஐந்து மணி. பாரிஸைக் கடைசிக்கு வைத்தால் கடைசி மூன்று இரவும் கிளம்பும் ஊரிலேயே கழியும். எந்த ரயில் தாமதமானாலும் பதற்றம் இல்லை. அதே ஊர்கள்தான், அதே டிக்கெட்தான்.

திரும்பும் பாதி மட்டும் போதும், போகும் பாதியை விட்டுவிடுகிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். போகும்போது ஏறவில்லை என்றால் திரும்பும் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுவார்கள்.

கேள்வி: யூரெயில் பாஸ் வாங்கினால் எல்லா ரயிலிலும் அப்படியே ஏறிக்கொள்ளலாமா?

யூரெயில் என்பது பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸ். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தில் பெரும்பாலான பகல் ரயில்களில் அப்படியே ஏறலாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம்: 10 யூரோவிலிருந்து 30, 35 வரை. லண்டன்–பாரிஸ் ஓடும் யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் குறைவு. நான்கைந்து ரயில்தான், தேதியும் முடிவாகிவிட்டது என்றால் பாஸ் வேண்டாம்; மூன்று மாதம் முன்னாலேயே தனித்தனியாக வாங்கினால் மலிவு. தினம் ஓர் ஊர் சுற்றுகிறவர்களுக்குத்தான் பாஸ். அவர்களுக்கு நான் சொல்வது வேறு: இரவை எண்ணுங்கள்.

கேள்வி: ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தால் யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் இலவசம்தானே?

இல்லை. கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் பாஸ் செல்லும். அதற்கு மேல் 25 சதவீதம் தள்ளுபடி. ஹாஃப் ஃபேர் கார்டு என்ற அரைக்கட்டண அட்டையில் மொத்தமும் பாதி விலை. மேலே 3,454 மீட்டர். அன்று காலை இணையத்தில் மலை உச்சிக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். மேகத்துக்குள் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: வெனிஸில் ஹோட்டல் விலை அதிகம். மெஸ்ட்ரேயில் தங்கினால் என்ன?

தாராளமாகத் தங்கலாம். ரயிலில் பத்து நிமிடம். தீவில் இருக்கும் ஸ்டேஷன் பெயர் சாந்தா லூச்சியா; மெஸ்ட்ரே கரையில் இருக்கிறது. பெரிய பெட்டி என்றால் மெஸ்ட்ரேதான் புத்திசாலித்தனம். வெனிஸ் பாலங்களில் சக்கரம் உருளாது, ஒவ்வொன்றிலும் படியேறிப் படியிறங்க வேண்டும். ஒரே ஒரு இரவுதான் என்றால் காசைப் பார்க்காமல் தீவுக்குள் தங்குங்கள். பகல்கூட்டம் கிளம்பிய பிறகுதான் அந்த ஊர் நன்றாக இருக்கும். உள்ளூர் இத்தாலிய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். குத்தாமல் ஏறினால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்.

கேள்வி: ஜூரிக்கில் வாடகைக் கார் எடுத்து ரோமில் விட்டுவிடலாமா?

விடலாம். வேறு நாட்டில் விடுவதற்கான கட்டணம் சில சமயம் கார் வாடகையையே மிஞ்சும். ஃபிளாரன்ஸ், ரோம் பழைய நகருக்குள் அனுமதி இல்லாத கார் நுழைந்தால் கேமரா பிடித்துவிடும். சில மாதம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும், வாடகைக் கம்பெனியின் கையாளும் கட்டணம் அது தவிர. கார் ஓட்டும் ஆசை இருந்தால் ஃபிளாரன்ஸிலிருந்து இரண்டு நாள் எடுத்து சியன்னா, சான் ஜிமிஞ்ஞானோ பக்கம் போய், மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள்.

கேள்வி: இரவு ரயிலில் போனால் ஒரு ஹோட்டல் இரவு மிச்சம்தானே?

படுக்கைக்குக் காசு கொடுத்தால் மிச்சம் பாதிதான். இருக்கையில் உட்கார்ந்து போனால் மறுநாள் முழுக்கத் தூங்குவீர்கள். ஏறும்போது பெட்டி எண்ணைச் சரியாகப் பாருங்கள். சில இரவு ரயில்களை வழியில் பிரித்து வெவ்வேறு ஊருக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து பாரிஸ் வந்து அடுத்த ரயிலுக்கு 45 நிமிடம் இருக்கிறது. அப்புறம் ஜூரிக்கிலிருந்து இன்டர்லாக்கன் போகும்போது பெர்னில் ரயில் மாற 7 நிமிடம்தான் இருக்கிறது. பெர்னை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

பயத்தை இடம் மாற்றுங்கள். லண்டன் ரயில் வருவது பாரிஸின் கார் து நோர் ஸ்டேஷனுக்கு. ஸ்விட்சர்லாந்து ரயில் கிளம்புவது அதே ஊரின் இன்னொரு ஸ்டேஷனான கார் த லியோனிலிருந்து. ஆர்இஆர் டி என்ற நகர ரயிலில் இரண்டே நிறுத்தம்தான், ஆனால் டிக்கெட் வரிசை, படிக்கட்டு, பெட்டி எல்லாம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பெர்னில் நடைமேடை எண் முன்கூட்டியே செயலியில் தெரியும், 7 நிமிடம் போதும். தவறினாலும் அரை மணியில், அதிகம் போனால் ஒரு மணியில், அடுத்த ரயில் வந்துவிடும்.