தலையை அளந்துட்டு ஊசியை எடுங்க

மார்கழி நெருங்குதோ இல்லையோ, குரோஷா குல்லாய், அதாவது ஒத்தைக் கொக்கி ஊசியில பின்னுற குல்லாய் கேட்டுக் கடிதம் வர ஆரம்பிச்சுடுச்சு. ஒரே மாதிரி கேட்டவங்களைச் சேர்த்துட்டு, சிலதுக்கு மட்டும் இங்கே பதில்.

என் பேரன் ஊட்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவனுக்கு என் கையால் ஒரு குல்லாய் பின்னித் தர ஆசை. குரோஷா ஊசியை இதுவரை தொட்டதே இல்லை. எங்கே தொடங்குவது?
- கோபிசெட்டிபாளையம் வாசகி

ஊசிக்கு முன்னாடி இஞ்ச் டேப்பை எடுங்க அக்கா. லீவுக்கு வர்ற பையனைப் பிடிச்சு உட்கார வச்சு, புருவத்துக்குக் கொஞ்சம் மேல, காதுக்கு மேல, பின்மண்டை மேட்டைச் சுத்தி அளந்துக்குங்க. வளர்ந்த பையன்னா 55, 56 சென்டிமீட்டர் வரும். குல்லாய் தலையைக் கவ்வி நிக்கணும், அதனால 4 சென்டிமீட்டர் கழிச்சுடுங்க. 56-க்கு 52 ஆச்சுங்களா? அதை 3.14-ஆல வகுத்தா பதினாறரை. உச்சியில போடுற வட்டம் குறுக்கே பதினாறரை சென்டிமீட்டர் வந்ததும் தையல் எண்ணிக்கையைக் கூட்டுறதை நிறுத்திடணும். குல்லாய்க்கு இருக்குற கணக்கே இது ஒண்ணுதான். வீடியோவுல 'இத்தனை தையல் போடுங்க'ன்னு சொல்ற பொண்ணோட நூல் வேற, கை வேற. நம்ம பேரன் தலை அந்தப் பொண்ணுக்குத் தெரியாது.

நூலுக்கு, கடையில தடிமனான அக்ரிலிக் உல்லன் 100 கிராம் கேளுங்க. வெளிர் நிறமா எடுங்க. பேரன் கறுப்புதான் கேட்பான், பசங்க எல்லாரும் அதைத்தான் கேட்கறாங்க. ஆனா கறுப்புல கண், அதான் ஊசி நுழையுற ஓட்டை, எங்க இருக்குதுன்னு ட்யூப்லைட் வெளிச்சத்துல தேடிப் பாருங்க, வெறுத்துப் போயிடும். அது ரெண்டாவது குல்லாய்க்கு இருக்கட்டும். ஊசி 5 மில்லிமீட்டர், பிடியிலேயே நம்பர் போட்டிருக்கும். கடைக்காரர் மெல்லிசான எஃகு ஊசியை எடுத்து நீட்டுவார். அது லேஸ் போடுற ஊசி, உல்லனுக்கு ஆகாது.

மொதல்ல சங்கிலி, அதாவது ஒரு வளையத்துக்குள்ள அடுத்த வளையமா நூலை இழுத்துட்டே போறது, அதை மட்டும் போட்டுப் போட்டுப் பிரிங்க. கை ஒரே சீரா ஓடினதும் டபுள் குரோஷேங்கிற உயரத் தையலுக்குப் போகலாம். நூலை ஊசியில ஒரு சுத்து சுத்திக்கணும். ஊசியைக் கண்ணுக்குள்ள விட்டு நூலை இழுத்துட்டு வந்தா, ஊசி மேல மூணு வளையம் நிக்கும். மறுபடி நூலைக் கொக்கியில மாட்டி முதல் ரெண்டு வளையத்துக்குள்ள இழுங்க. இன்னொரு தரம் மாட்டி, மிச்சம் இருக்குற ரெண்டுக்குள்ளயும் இழுங்க. ஒரு தையல் ஆச்சு. புத்தகம் வச்சுப் படிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: நான் சொல்றது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் புத்தகத்துல டபுள் குரோஷேன்னு இருந்தா அது அமெரிக்காக்காரங்களோட சிங்கிள் குரோஷே: முதல்ல நூலைச் சுத்தாம, கண்ணுக்குள்ள விட்டு இழுத்து, நிக்கிற ரெண்டு வளையத்துக்குள்ளயும் ஒரே தரம் இழுக்குற குட்டைத் தையல். கலந்துட்டீங்கன்னா குல்லாய் பாதி உயரத்துலயே நின்னுடும்.

இப்ப நாலு சங்கிலி போட்டு வளையமாச் சேர்த்து, அதுக்குள்ள 12 டபுள் குரோஷே. ரெண்டாவது சுத்துல ஒவ்வொரு கண்ணுலயும் ரெண்டு, 24 ஆகும். மூணாவதுல ஒரு கண்ணுல ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு, 36. இப்படிச் சுத்துக்கு 12 கூடிக்கிட்டே போகும். 5 மில்லிமீட்டர் ஊசிக்கு, ஆறாவது சுத்துல 72 வரும்போது பதினாறரை சென்டிமீட்டருக்குப் பக்கத்துல வந்திருக்கும். வரலைன்னா உங்க கை இறுக்கம், அடுத்த சுத்துல ஆறு மட்டும் கூட்டிப் பாருங்க. அளவு வந்துட்டா அப்புறம் கண்ணுக்கு ஒண்ணுதான். வட்டத்தோட நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் 21 சென்டிமீட்டர் வர்ற வரைக்கும் போட்டுட்டே போங்க. கடைசி ரெண்டு சுத்து சிங்கிள் குரோஷே போட்டா விளிம்பு படிஞ்சு நிக்கும். உச்சியில தெரியுற ஓட்டையை, ஆரம்பத்துல விட்ட நூல் வாலைத் தையல் ஊசியில கோத்துச் சுருக்கி அடைச்சுடுங்க.

வட்டம் தட்டையாக வரவே மாட்டேன் என்கிறது. எனக்கு ஓரம் அலை அலையாக நெளிகிறது. என் தங்கைக்கோ குழிந்து போகிறது. இருவரும் ஒரே வீடியோவைப் பார்த்துத்தான் போட்டோம்.
- உடுமலை வாசகி

ஓரம் நெளியுதுன்னா சுத்துக்குத் தேவைக்கு மேல தையல் கூடுது. ஆப்பச்சட்டி மாதிரி குழியுதுன்னா கூடுறது பத்தலை. தையல் உயரமா இருந்தா வட்டம் சீக்கிரம் அகலும், அதனால டபுள் குரோஷேவுக்குச் சுத்துக்கு 12. குட்டைத் தையலான சிங்கிளுக்கு 6 போதும். நீங்க சிங்கிள் போட்டுட்டு 12 கூட்டியிருப்பீங்க, தங்கச்சி டபுள் போட்டுட்டு 6 கூட்டியிருப்பா. ரெண்டு பேர் கையில இருக்குறதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க கண்ணு.

அது சரியா இருந்தும் தப்பினா, சுத்து சேர்ற இடத்துலதான் கோளாறு. சுத்து தொடங்குறப்ப உயரத்துக்காகப் போடுற ஆரம்பச் சங்கிலியை ஒரு சுத்துல தையலா எண்ணி, அடுத்த சுத்துல எண்ணாம விட்டா கணக்கு நகரும். வளையல்ல தொங்குற ஊக்கைக் கழட்டி, ஒவ்வொரு சுத்துலயும் முதல் தையல்ல குத்தி வையுங்க. சுத்து முடிஞ்சதும் எண்ணுங்க. பிரிக்கத் தயங்காதீங்க: குரோஷாவுல ஊசியில ஒரு வளையம்தான் தொங்கும், வேணுங்கிற இடம் வரைக்கும் உருவிட்டு அங்கிருந்தே தொடரலாம்.

என் கணவர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். கோன் நூல் மலிவாகக் கிடைக்கும். அதில் குல்லாய் போடலாமா? எல்லாவற்றுக்கும் மெஷின் வைத்திருக்கிற எங்கள் ஊரில் குரோஷாவுக்கு மட்டும் ஏன் மெஷின் இல்லை?
- திருப்பூர் வாசகி

உங்க வீட்டுக்காரர்கிட்டயே கவுண்ட் கேளுங்க, நூல் எவ்வளவு மெல்லிசுன்னு சொல்ற நம்பர் அது. 30-ஆம் கவுண்ட்னு சொன்னா, ஒரு பவுண்டு நூல்ல 30 தரம் 840 கெஜம், அதாவது 25,200 கெஜம் ஓடும். அவ்வளவு மெல்லிசு. குல்லாய்க்குப் போடுற உல்லன் 100 கிராமுக்கு 200 மீட்டர்தான். அந்தக் கனம் வரணும்னா கோன் நூல்ல சுமார் 25 இழை சேர்த்துப் பிடிக்கணும். நடக்கிற காரியமா? அப்படியே பிடிச்சாலும் பருத்திக்கு உல்லன் மாதிரி இழுத்துச் சுருங்குற குணம் இல்லை. நாலு தரம் போட்டுக் கழட்டினா குல்லாய் லொடலொடன்னு ஆயிடும். வேஸ்ட் கடையில விக்கிற பனியன் துணிக் கட்டிங்கை நாடாவா வெட்டிக் கால்மிதி, கூடை பின்னுங்க, பிரமாதமா வரும். தலைக்கு அது பாரம்.

மெஷின் கேள்வி நல்ல கேள்வி. உங்க ஊர் நிட்டிங் மெஷின்ல வட்டமா நிக்கிற ஒவ்வொரு ஊசியும் தனக்குன்னு ஒரு கண்ணைப் பிடிச்சுட்டு நிக்கும், எல்லாம் வரிசைக்கிரமமா ஓடும். குரோஷாவுல ஒரே ஊசி, ஒவ்வொரு தையலையும் அங்கங்கயே முடிச்சுட்டு, அடுத்து எந்தக் கண்ணுக்குள்ள வேணாலும் நுழையும். கை பண்ற இந்த வேலையை அப்படியே பண்ணுற மெஷின் சந்தைக்கு வரலை. எலாஸ்டிக் நாடா ஓட்டுற குரோஷே மெஷினைப் பேரைப் பார்த்து நம்பிடாதீங்க, அதுவும் ஒரு வகை நிட்டிங்தான். கடையில குரோஷா குல்லாய் பார்த்தா, அது யாரோ ஒருத்தர் கையில போட்டது. விலை பேசும்போது இதை நினைச்சுக்குங்க.

வட்டமே வேண்டாம், நேராகப் பின்னி மடித்துத் தைக்க வழி உண்டா?
- பொள்ளாச்சி வாசகி

உண்டு. குல்லாய் உயரத்துக்கு, 22 சென்டிமீட்டர் சங்கிலி. அதுல ஹாஃப் டபுள் குரோஷே (டபுள் மாதிரியே தொடங்கி, மூணு வளையத்துக்குள்ளயும் ஒரே தரம் இழுக்குறது), ஒவ்வொரு கண்ணுலயும் பின்பக்க இழையை மட்டும் எடுத்து வரிவரியாப் போடுங்க. ரிப் துணி மாதிரி இழுபடும். 50 சென்டிமீட்டர் ஆனதும் ரெண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைச்சு, ஒரு பக்கத்தைச் சுருக்கி இறுக்குங்க. சுலபம்தான், ஆனா தடிமன் நூல்னா உச்சியில முடிச்சு மாதிரி முட்டிட்டு நிக்கும். எனக்கு அது பிடிக்காது.

மூன்று மாதக் குழந்தைக்கு அளவு என்ன? மேலே பந்து வைக்கலாமா?
- வால்பாறை வாசகி

அந்த வயசுல தலை 40 சென்டிமீட்டருக்குப் பக்கத்துல இருக்கும், அளந்தே போடுங்க அம்மணி. ரெண்டு கழிச்சா 38, வட்டம் 12 சென்டிமீட்டர். உயரம் 15. நூல் மெல்லிசா, மெத்துன்னு இருக்கட்டும், ஊசி 4 மில்லிமீட்டர். பந்து, பொத்தான், தாடையில கட்டுற நாடா எதுவும் வேண்டாம். குழந்தை பிச்சு வாயில வைக்கும், நாடா கழுத்துல சுத்தும். மழைச் சாரல்ல வெளிய தூக்கிட்டுப் போகத்தான் குல்லாய். வீட்டுக்குள்ள தூங்கும்போது கழட்டிடுங்க, தலையை மூடியே வச்சா உடம்பு சூடேறிடும்.

துவைத்தால் சுருங்குமா?
- கோவை வாசகி

அக்ரிலிக் சுருங்காது. இஸ்திரிப் பெட்டி மட்டும் படக்கூடாது, சூடு பட்டா துவண்டு போய் இழுவையே போயிடும். போர்வெல் தண்ணியில சோப்புப் போட்டா வெள்ளையாப் படியும், அதுக்கு ஷாம்பு தேவலை. சிறுவாணித் தண்ணி வர்ற வீடுன்னா அந்தக் கவலையும் இல்லை. பிழியாம துண்டுல சுருட்டி அமுக்கிட்டு, கொடியில தொங்கவிடாம நிழல்ல பரப்பிக் காயவையுங்க.